சிவப்பானவர்கள் வாசலில் நின்ற மார்கழி

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கோயம்புத்தூருக்கு வடக்கே சோளக்காட்டை அழித்து மனை பிரித்துக் கட்டிய செங்காட்டு நகரில், பால் வாங்கப் போனவர்களும் நாயை நடத்தப் போனவர்களும் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடப் போனவர்களுமாக அறுபத்து மூன்று பேர் திரும்பி வந்து தத்தம் வாசற்படியில் காலைத் தூக்கியபோது, தூக்கிய கால் படிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது, டி.வி. ஓடியது, கை நீட்டினால் தொடும் தூரத்தில் பெண்டாட்டியோ புருஷனோ நின்று என்ன வந்தது உங்களுக்கு என்று கேட்டார்கள். யாரும் தள்ளவில்லை, யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஆள் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். பால் பாக்கெட்டை நீட்டினால் அது போயிற்று. நாய் போயிற்று. பையை வீசினால் கூடத்து நடுவில் போய் விழுந்தது. ஆள் மட்டும் போகவில்லை.

இதற்கெல்லாம் அசந்து நிற்கிற ஊர் இல்லை அது. எட்டு மணிக்கெல்லாம் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு விசாரித்து, ஒன்பது மணிக்குள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நகரில் வீட்டுக்கு ஒருவராவது ஒரே கம்பெனிக்கு வேலை பார்த்தார்கள், வீட்டிலிருந்தே பார்த்தார்கள். காலையில் லேப்டாப்பைத் திறந்து கம்பெனியின் வி.பி.என். என்ற தனிப்பாதை வழியாக உள்ளே நுழைய வேண்டுமென்றால், முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காவல் அந்த லேப்டாப்பைச் சோதிக்கும்: அப்டேட் எல்லாம் போட்டாயிற்றா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, களவு போனாலும் எவனும் படிக்க முடியாதபடி உள்ளே பூட்டு விழுந்திருக்கிறதா என்று. எல்லாம் இருந்தால் பச்சை, ஒன்று குறைந்தாலும் சிவப்பு. சிவப்பை உள்ளே விடாது. இத்தனை வருஷமாக அந்தக் காவல் லேப்டாப்பை நிறுத்திவைத்தது, அந்தத் திங்கட்கிழமை முதல் ஆளை நிறுத்திவைத்தது. உள்ளே இருந்தவர்களை அது வெளியே தள்ளவில்லை என்பதையும் கவனித்தார்கள். சிவப்பான லேப்டாப்போடு வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சோம்பேறிகள் ஏழெட்டுப் பேர், எழுந்து சேதி கேட்டு, அன்றிலிருந்து வாசல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

திலகவதிக்கு மத்தியானமே காரணம் தெரிந்துவிட்டது. அவளுக்கு நாற்பது வயது, வேலையே அந்தச் சிவப்பையும் பச்சையையும் பார்ப்பதுதான். சிவப்பானதைப் பச்சையாக்கிக் கொடுப்பவளும் அவளே. வருஷக் கடைசியில் பதினைந்து இருபது நாள் கம்பெனியில் எதையும் மாற்றக் கூடாது, அதற்கு ஃப்ரீஸ் என்று பெயர். ஃப்ரீஸ் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், கடை சாத்துகிற நேரத்துக் கூட்டம்போல எல்லோரும் அவசர அவசரமாக மாற்றங்களை ஏற்றுவார்கள். அவளும் அப்படித்தான், திங்கட்கிழமை காலையில் அமலுக்கு வருகிற புது விதி ஒன்றை ஏற்றினாள். இந்த விதி எதற்கு என்று கேட்கிற இடத்தில் கருவிகள் என்று ஒரு கட்டம், ஆட்கள் என்று ஒரு கட்டம். போட வேண்டியதை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். அந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். அதனால்தான் ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் விதி ஏறும் என்று வைத்திருந்தார்கள், அந்த இன்னொருவர் யாரென்று செய்தவருக்குத் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் பார்க்காமலே சரி சொல்லியிருந்தார்.

விதியைத் திருப்பி எடுக்க அவசர அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினாள். வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். வாடிக்கையாளர்கள் யாருமில்லை, எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் போக முடியாமல் நிற்கிறார்கள் என்று எழுதினாள். அப்படியென்றால் அவசரமில்லை, ஜனவரி இரண்டாம் தேதி பார்க்கலாம் என்று பதில் வந்தது. தப்பு தன்னுடையது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் லாகினைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் இவர்களை யார் பச்சையாக்குவது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். பயமும் உண்மைதான், அதுதான் பெரியதாக இருந்தது.

ஊர் தன் பாட்டுக்கு வழி செய்துகொண்டது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் குழந்தைவேலு பூங்காவில் சாமியானா பந்தல் போட்டு, சோலார் விளக்குக் கம்பத்திலிருந்து வயர் இழுத்து, இருபது லேப்டாப் சார்ஜ் ஏற ஏற்பாடு செய்தார். வாசலில் நிற்கிறவர்களுக்கு வாசலிலேயே இலை போட்டார்கள். மார்கழிக் கோலத்தை அவர்கள் கால் படாமல் ஒதுக்கிப் போட்டார்கள், பிறகு அதுவும் சலித்துப்போய் நிற்கிறவர்களையே நகரச் சொல்லிவிட்டுப் போட்டார்கள். ஒருவன் கோபத்தில் லேப்டாப்பைக் கிணற்றில் எறிந்தான். லேப்டாப்பே இல்லாதவனையும் சிவப்பாகத்தான் கொள்ள வேண்டும் என்று விதியில் இருந்தது, அதனால் அவனும் வந்து பந்தலில் உட்கார்ந்தான். வற்றிய கிணறுதான், நாலாம் நாள் இறங்கி எடுத்தபோது லேப்டாப் கீறலோடு உயிரோடுதான் இருந்தது. இன்னொருவன் வேலையை ராஜினாமா செய்தான், இரண்டு மாத நோட்டீஸ் முடியும்வரை அவன் கம்பெனி ஆள்தான் என்றார்கள். ஆறாம் வீதியில் புதுமனைப் புகுவிழா நடந்தது. வீட்டுக்காரர் வாசலில் பட்டு வேட்டியோடு நின்றார். பசுவும் கன்றும் போயின, ஐயர் போனார், சம்பந்தி வீட்டார் போனார்கள், பால் உள்ளே பொங்குகிற வாசனை வந்ததும் அவர் அழுதுவிட்டார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

திலகவதி விடிந்தும் விடியாமலும் எழுந்து, தன் பச்சை லேப்டாப்பை மடியில் கட்டிய பிள்ளையாக எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சிலருக்கு அரை மணியில் முடிந்தது, ஆன்டிவைரஸை எழுப்பிவிட்டால் போதும். சிலருக்கு இரண்டு வருஷ அப்டேட் பாக்கி இருந்தது. நூற்றுக்கு நாற்பது, நாற்பத்தொன்று என்று அது நகர நகர, வீட்டில் இருப்பவர்கள் உள்ளிருந்தும் நிற்கிறவர் வெளியிலிருந்தும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தொண்ணூற்றொன்பதில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒரு தடவை அணைத்துப் போட்டதும் பச்சை வரும். பச்சை வந்தவுடன் ஆள் படியைத் தாண்டுவார். தாண்டியதும் ஒருவர் நேரே பாத்ரூமுக்கு ஓடினார், ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டே மூன்று அறையும் சுற்றி வந்தார், ஒரு பெண் தூங்குகிற குழந்தையை எழுப்பி அழவைத்து அதன் பிறகு சமாதானப்படுத்தினாள். எல்லோரும் திலகவதிக்கு நன்றி சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

பன்னிரண்டு நாளில் அறுபத்திரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள். மிச்சம் நாச்சிமுத்து ஒருவர்தான்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவர் மனைவி ருக்மணிக்கு வயிற்றில் வந்த சீக்கு முற்றி, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை காலையில், இளநீர் குடிக்க வேண்டும்போல இருக்கிறது என்றாள். அதை வாங்கப் போனவர்தான் வெளியில் நின்றுவிட்டார். அவருடைய லேப்டாப் ஏழு வருஷத்துப் பழையது, புது விதி கேட்கிற பூட்டைப் போட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சில்லு இருக்க வேண்டும், அது அதில் கிடையாது. எத்தனை அப்டேட் போட்டாலும் அது சிவப்புதான். வேறு லேப்டாப் கம்பெனி ஸ்டோரில் இருந்தது, ஃப்ரீஸ் முடியாமல் எடுக்க விடமாட்டோம் என்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை போட்டு உள்ளே போய் ருக்மணியைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் பக்கவாட்டுச் சந்தில், அவள் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பிக்குள் கை நுழையவில்லை. அவள் அவர் கையால் ஊட்டினால்தான் இரண்டு வாய் சாப்பிடுவாள், சீக்கு வந்த ஆறு மாதமாக அப்படித்தான் பழகியிருந்தாள். இப்போது யார் ஊட்டினாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். அவர் பேசினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கம்பெனி விதி என்று பெண்கள் எடுத்துச் சொன்னதை அவள் நம்பவில்லை.

“கம்பெனி ஊட்டு வாசப்படி வரைக்கும் வருமாக்கும். எங்காதுல பூ சுத்தாதீங்க. என்ற சீக்கப் பாத்து அவருக்கு அருவருப்பு வந்துருச்சு, அதச் சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரல” என்றாள்.

கட்டிலோடு தூக்கி வாசலில் கொண்டுவந்து போட்டால் அவர் பக்கத்தில் இருந்துகொள்ளலாமே என்று குழந்தைவேலு யோசனை சொல்லியனுப்பினார். அதற்கு அவள் கொதித்துப்போனாள். “உசுரு இருக்கறப்பவே வாசல்ல போடறதுக்குப் பாக்கறாங்களா? செத்ததுக்கப்பறம் போட்டுக்கட்டும். அது வரைக்கும் நான் ஊட்டுக்குள்ள இருக்கறவதான்.” அந்த ஊரில் வாசலில் கட்டில் போட்டுக் கிடத்துவது யாரை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை காலையில் திலகவதி பந்தலில் எல்லோரையும் கூட்டினாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னும் மூன்று நாளோ நாலு நாளோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு வழி உண்டு என்றாள் திலகவதி. பச்சையான லேப்டாப் ஒன்றை நாச்சிமுத்து பேருக்கு மாற்றிவிடலாம். பேர் மாற்றுவது அன்றாட வேலைக் கணக்கில் வரும், ஃப்ரீஸ் அதைத் தடுக்காது. ஆனால் கொடுப்பவர் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றுதான் மாற்ற வேண்டும், மாற்றியதும் கொடுத்தவருக்கு லேப்டாப் இல்லாமல் போகும், இல்லாதவர் சிவப்பு, இரண்டாம் தேதி வரைக்கும் அவர் வெளியே இருக்க வேண்டும். யாராவது கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

ஒருவன் தன் மனைவிக்கு நிறைமாதம் என்றான். ஒருத்திக்கு முழங்கால் வலி, பனியில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாது. ஒருவர் மாமனாரின் திவசம் என்றார். பன்னிரண்டு நாள் வெளியில் கிடந்து வந்தவர் ஒருவர் எழுந்து, “எனக்குக் காரணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மறுபடியும் அப்பிடி நிக்கறதுக்குப் பயமா இருக்குது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பொய் சொன்னவர் ஒருவருமில்லை. திலகவதிக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் தன்னுடைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்தது. போகும்போது எல்லோரும் நாச்சிமுத்து வீட்டுச் சந்தைத் தவிர்த்து, சுற்றுவழியில் போனார்கள்.

மறுநாள் காலையில் அவள் தன் மகளுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டு, கூந்தலை முடிந்துகொண்டு, தன் லேப்டாப்பை நாச்சிமுத்துவுக்குக் கொடுக்கப் போவதைப் புருஷன் சம்பத்குமாரிடம் சொன்னாள். டிக் போட்டது தான்தான் என்பதையும் சொன்னாள். அவன் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கம்பளியையும் ஸ்வெட்டரையும் குல்லாயையும் பையில் வைத்து அவள் கையில் கொடுத்தான். “பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா” என்றான்.

நாச்சிமுத்து சந்தில் நாற்காலியில் இருந்தார். தாடி நரைத்து வளர்ந்திருந்தது. அவரை வாசலுக்கு அழைத்து வந்து படியில் லேப்டாப்பை வைத்து, பெயர் மாற்ற வேண்டியதை மாற்றி, “உங்க பாஸ்வேர்டை அடிங்கண்ணா, உங்க கை பட்டாத்தான் இது உங்களுதாகும்” என்றாள். இரண்டு தடவை தப்பாக அடித்தார், மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டது. காவல் சோதிக்கத் தொடங்கியது. சோதித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“அண்ணா, ஒண்ணு சொல்லோணும். இத்தன பேரும் வெளிய நின்னது என்னாலதான். கருவிகளுக்குப் போட வேண்டியத ஆட்களுக்குப் போட்டுட்டேன். தெரிஞ்சும் இத்தன நாளா வாயத் தொறக்கல.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, “தெரியுமுங்க அம்மணி” என்றார்.

“எப்பிடிண்ணா?”

“சனிக்கெழம சாயந்தரம் ஆஸ்பத்திரில இருந்தேன். இனி ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு டாக்டர் சொல்லிட்டிருக்காரு, அப்பத்தான் போன்ல வந்துச்சு, திலகவதி ஒரு மாத்தம் போட்டிருக்காங்க, பாத்துச் சரி சொல்லுன்னு. நான் என்ன ஏதுன்னே பாக்கல. சரின்னு அமுக்கிட்டுப் போனைப் பையில போட்டுட்டேன். நீங்க போட்ட டிக்குக்குக் கீழ இன்னொரு டிக் இருக்குதில்லீங்க, அது என்னுது.”

“அப்ப ஏனண்ணா நீங்களும் சொல்லல?”

“உங்க பேரச் சொன்னா உங்கள எடுத்துருவாங்க. அத்தன பேரு நிக்கறாங்க, யாரு வந்து பச்சையாக்கறது?” தாடியைத் தடவிக்கொண்டார். “அது பாதிதானுங்க. மீதிப் பாதி, எம்பேரும் வருமேன்னு பயம். அவளுக்கு மருந்து வர்றதே கம்பெனி இன்சூரன்ஸ்லதான்.”

இருவரும் ஒரே சமாதானத்தை ஒரே வார்த்தையில் தங்களுக்குச் சொல்லிக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், பதினாலு நாள் அதே வீதியில் எதிரெதிரே நடந்திருந்தார்கள். திலகவதிக்கு அழுகை வந்தது, அதோடு இத்தனை நாள் இல்லாத ஒரு ஆறுதலும் வந்தது, ஆறுதல் வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

நாச்சிமுத்து லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். “எடுத்துட்டுப் போங்க அம்மணி. இத வாங்கிட்டு உள்ள போறதுக்கு மனசு வரல. என்ற தப்புக்கு நான்தான நிக்கோணும்.”

“உங்க தப்புக்கு நீங்க நிக்கறீங்க சரி. அவங்க எதுக்குண்ணா சோறு தண்ணியில்லாமக் கெடக்கோணும்?”

அவர் சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அதே நேரத்தில் திலகவதிக்குப் பாதத்தில் லேசான குளிர் ஏறியது, படியில் வைத்திருந்த கால் தானாக இறங்கி மண்ணில் நின்றது. நாச்சிமுத்து எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார், வாசல் குழாயில் கையையும் முகத்தையும் இரண்டு தடவை கழுவினார், படியின் முன்னால் நின்று ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு தாண்டி உள்ளே போனார். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பெண் அவரைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, திலகவதியின் தோளைத் தொட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி இரண்டாம் தேதி வரைக்கும் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று திலகவதி சந்துக்குள் போய் அவருடைய நாற்காலியைத் தூக்கினாள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. ருக்மணியின் குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது.

“ஏனுங்க, நீங்களா?”

“நான்தான் ருக்கு.”

“தொட்டுப் பாக்கறேன், இருங்க.” வளையல் சத்தம் கேட்டது. “அப்ப நெசமாலுமே கம்பெனிதானா?”

“ஆமா.”

“அய்யோ, பதினாலு நாளா உங்கள என்னென்ன வார்த்தையெல்லாம் சொல்லி வஞ்சேன். எல்லாம் வாய்க்குள்ளயே, இந்தச் சுவத்தப் பாத்து வஞ்சேன். நல்லவேளை, உங்க காதுல விழுந்திருக்காது.”

“விழுந்துச்சு” என்றார் நாச்சிமுத்து. “ஜன்னலுக்குப் பக்கத்துலயேதான இருந்தேன்.”

பிறகு ஸ்பூன் கிண்ணத்தில் படுகிற சத்தம் கேட்டது. திலகவதி நாற்காலியைத் தரையில் இழுபடாமல் தூக்கிக்கொண்டு, அவர்கள் பேசுவது எட்டாத இடமாகப் பார்த்து, தெருவுக்கு வந்து உட்கார்ந்தாள்.